தலையணையின் நாலு முனை

"அம்மா, கேபிளைப் பிடுங்கிடலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் ஆவுடையப்பன்.

வடிவம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு நாற்பத்தொன்று. பாளையங்கோட்டையின் அந்தச் சின்ன மடத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

"உங்க மக என்ன செய்யுதா?"

"பள்ளிக்கூடம் விட்டு வந்தா டிவிதான். நிறுத்தினா வீடு ரெண்டுபடுது. பார்த்துக்கிட்டே சோபாத் தலையணையைக் கடிச்சு வைக்கா. நாலு முனையும் பிஞ்சு போச்சு. அதுக்கு நேத்து அடிச்சுட்டேன். ஏழு வயசுப் பிள்ளை, அதுலேருந்து என்கிட்ட பேசவே மாட்டேங்கா."

வடிவம்மாள் கீரையை ஒதுக்கி வைத்தார்.

"அப்படி என்ன பாக்கா?"

"என்னமோ கார்ட்டூன்."

"என்னமோன்னா?"

ஆவுடையப்பன் விட்டத்தைப் பார்த்தார். அங்கே பதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அவ பார்க்கும்போது நீங்க எங்க இருப்பீங்க?"

"பக்கத்து ரூம்லதான். அவ அம்மா வேலை முடிஞ்சு வர ஏழு மணியாகும். அதுவரைக்கும் எனக்கும் கொஞ்சம் நிம்மதி."

"ஒரு வாரம் அவகூட உட்காருங்க. போனை எடுக்காதீங்க, புத்தி சொல்லாதீங்க. பிறகு கேபிளைப் பத்திப் பேசலாம்."

அடுத்த வாரம் வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஒத்தைக்கண் பூதம்மா. பாழுங்கிணத்துக்குள்ள இருக்கும். மூணு நாளு அவ என்னை ஏறெடுத்தும் பார்க்கலை. நாலாம் நாளு பூதம் மேல வந்ததுதான் தாமதம், ஒட்டி உட்கார்ந்துக்கிட்டா. நேத்து அரை மணி நேரத்துல அவளே டிவியை அணைச்சுட்டு, பூதத்துக்குக் கண்ணு எப்படிப் போச்சுன்னு எனக்குக் கதை சொல்லுதா."

"பயந்த பிள்ளையா?"

"ரொம்ப. பூதம் வந்தா என் சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்துக் கடிச்சுக்கிடுதா. பாருங்க, பல்லு பதிஞ்சு கிடக்கு."

பெருமையாக வலது கையை நீட்டினார். வடிவம்மாள் கசங்கிய அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க பக்கத்து ரூம்ல இருந்தப்பவும் பூதம் வந்திருக்குமே?"

"அது தினமும் வருமே..." என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்த ஆவுடையப்பன் பாதியில் நிறுத்தினார்.

நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். அவளை அடித்ததும் அந்தக் கையால்தான்.