துண்டுக்கு அடியில் விற்றுப்போன வாரம்

மணப்பாறை மாட்டுச் சந்தையில் தரகர் வீரணனுக்குக் கை கொடுத்துவிட்டுப் பின்வாங்கியவன் ஒருவனும் கிடையாது. அங்கே மாட்டு விலையை வாயால் பேச மாட்டார்கள். இருவர் கைமேல் ஒரு துண்டு விழும். உள்ளே விரல் விரலாகத் தொட்டு விலை ஏறும், இறங்கும். கடைசியில் முழுக் கையையும் இறுக்கிவிட்டால் பேரம் முடிந்தது. பிறகு எவன் வந்து எவ்வளவு கூடக் கேட்டாலும் மாடு அசையாது. மனசு மாறிவிட்டதா? அதற்கும் முறை உண்டு. இருவரும் நேருக்கு நேர் வந்து, துண்டைப் போட்டு, அதற்கு அடியில்தான் பிடியை விட வேண்டும். முதுகுக்குப் பின்னால் விட்டவன் மறுவாரம் சந்தையில் தலைகாட்ட முடியாது. இதை மனத்தில் முடிந்துகொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வீரணன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கூலியாகச் சந்தைக்குள் நுழைந்து, ஏச்சும் அடியும் வாங்கித் தரகராக நிமிர்ந்தவர். மூக்கு நுனியில் கோபம். அவருடைய ஒரே மகன் இளவரசு டெக்சாஸில் வேலை பார்க்கிறான், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவையும் அம்மா அங்கம்மாளையும் அங்கே வரவழைத்திருந்தான். அவன் காலையில் வேலைக்குப் போய்விடுவான். இவர்கள் இருவரும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம்தான் அவனுக்கு லீவு கிடைத்தது. போனால் ஓர் இடத்துக்குத்தான் போகலாம்.

"எங்கப்பா போகலாம்? பெரிய மலைப் பள்ளத்தாக்கு ஒண்ணு இருக்கு, உலகமே வந்து பாக்குது."

"பள்ளத்தைப் பாக்கவா ஏரோப்பிளேன் ஏறி வந்தேன்? நம்ம ஊர் ரோட்டுலயே கிடக்குது. பக்கத்துல ஓக்லஹோமாவுல பெரிய மாட்டுச் சந்தை இருக்காமேடா. வெள்ளைக்காரன் எப்படி மாடு பேசுறான்னு பாக்கணும். இனி ஒரு தடவை இந்த முட்டி என்னை இவ்வளவு தூரம் கொண்டு வராது."

சொன்னதோடு விடுகிற ஆளா? தோளில் கிடந்த துண்டை மகன் கைமேல் வீசினார். துண்டுக்கு அடியில் என்ன நடக்கும் என்று தெரிந்து வளர்ந்த பிள்ளை. முழுக் கையையும் இறுக்கினான்.

அன்றிலிருந்து வீரணனைப் பிடிக்க முடியவில்லை. சந்தைக் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். உடுத்திப் போக வேண்டிய வேட்டியைத் தனியே எடுத்து மடித்து வைத்தார்.

புறப்பட்ட அன்று கார் நெடுஞ்சாலையைப் பிடிக்காமல் விமான நிலையத்துக்குத் திரும்பியது.

"ஏன்டா, கார்லயே போயிடலாம்னு சொன்னியே?"

இளவரசு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "நயாகராவுக்குப் போறோம்ப்பா. டிக்கெட் எடுத்துட்டேன்."

"நிறுத்துடா வண்டிய!"

ஓரமாக நிறுத்தினான். முன்னால் உட்கார்ந்திருந்த வீரணன் அவன் பக்கம் திரும்பினார். "கை குடுத்தியா இல்லையாடா?"

"குடுத்தேன்."

"பெத்த அப்பன்கிட்டயே பிடியை விட்டியே. மாடு பிடிக்க வர்ற முன்னபின்ன தெரியாத கேரளாக்காரன்கூட எனக்கு இப்படிச் செஞ்சதில்லடா! ஊர்ல போய் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

"நேத்துத்தான் அம்மாவ ஒரு வார்த்தை கேட்டேன்ப்பா, உனக்கு எங்கம்மா போகணும்னு. செவலையப் பத்திச் சொன்னுச்சு."

அந்தப் பெயர் போதும், வீரணனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

செவலை, அங்கம்மாள் பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்த பசு. இளவரசு பிறப்பதற்கு முன்பே, நல்ல விலை வந்ததென்று அவளிடம் ஒரு சொல் கேட்காமல் தள்ளிவிட்டிருந்தார் வீரணன். வீட்டில் அடுப்பு எரியவில்லை. பொறுக்கமாட்டாமல் அவள் கைமேல் துண்டைப் போட்டு, "போனது போகட்டும், நீ எந்த இடம் கேட்டாலும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சுவரில் தொங்கிய காலண்டரில் ஒரு பேரருவி. அதைக் காட்டினாள். "குற்றாலந்தானே? அடுத்த சீசனுக்குப் போயிருவோம்" என்று கையை இறுக்கினார். சீசன் வந்தபோதெல்லாம் சந்தையில் வேலை இருந்தது. அந்த அருவி எந்த நாட்டில் விழுகிறது என்று இருவருக்குமே தெரியாது. டெக்சாஸில் டிவியில் நயாகராவைப் பார்த்தபோதுதான் அங்கம்மாளுக்கு அடையாளம் தெரிந்தது.

வீரணன் பின்சீட்டுக்குத் திரும்பினார். "இத்தனை வருசத்துல ஒரு தடவை ஞாபகப்படுத்தியிருக்கலாம்ல?"

அங்கம்மாள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "குடுத்தவருக்கு இல்லாத ஞாபகம் எனக்கு மட்டும் எதுக்கு? நான் இன்னும் கைய விடலீங்க."

ஓரமாக நிற்கிற அந்தக் காரில் மூன்று பேர். அப்பனுக்குக் கை கொடுத்துவிட்டு, விட்டவன் மகன். பெண்டாட்டிக்குக் கை கொடுத்துவிட்டு, மறந்தவர் அப்பன். பிடித்த பிடியோடு வாயைத் திறக்காமல் இருந்தவள் அம்மா. வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்? இதில் யார் யாரை ஏமாற்றியது? சொல்லிவிட்டுக் கீழே படியுங்கள். விடையைப் பார்த்துவிட்டு "எனக்கு அப்பவே தெரியும்" என்பவனோடு எனக்குப் பேச்சில்லை.

விடை: வண்டி நயாகராவுக்குத்தான் போக வேண்டும். முதலில் இறுக்கிய பிடிதான் பிடி. அந்தப் பயணம் அங்கம்மாளுக்கு எப்போதோ விற்றுப்போனது. விற்ற மாட்டை மறுபடி சந்தைக்கு ஓட்டிவந்தவர் வீரணன். ஆகவே அவரை ஏமாற்றியதில் பெரிய பங்கு அவருக்கே. அதற்காக இளவரசு தப்பிவிடவில்லை. அவன் முடிவு சரி, முறை தப்பு. அப்பாவிடம் வந்து துண்டைக் கேட்டிருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் விட்டான். அங்கம்மாள் யாரையும் ஏமாற்றவில்லை. வீரணனுக்கும் இது விளங்கியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மகன் கைமேல் போட்டு, அடியில் பிடியை விட்டார். ஆனாலும் தரகர் அல்லவா, கடைசியாக ஒரு பேரம் பேசிப் பார்த்தார். அதே துண்டைப் பின்சீட்டுக்கு நீட்டி, "நீயும் விட்டுரேன் அங்கம்மா, சந்தைக்கே போயிருவோம்" என்றார்.

அவள் கையை நீட்டவில்லை. "அருவியப் பாத்துட்டு விடுறேன்" என்றாள்.