ஓணான் அமைச்சர் போட்ட சட்டம்

காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ஆலமரமெல்லாம் விதையாக இருந்த காலத்தில், ஒரு மலைக்காட்டை வரியன் என்ற புலிராஜா ஆண்டுவந்தது. அதற்கு அமைச்சர் ஓர் ஓணான். காவலுக்குச் செம்பன் என்ற செந்நாய்.

கத்திரி வெயில் காலம். சபை கூடுவதோ மொட்டைப் பாறையில். வழக்கம் அப்படி.

யானை காதை விசிறியது. எருமை சேற்றைப் பூசிக்கொண்டு வந்தது. செம்பன் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தது.

ஓணான் தொண்டையைச் செருமியது. "மகாராஜா, இது சபையா, சந்தையா? ஒருத்தர் விசிறுகிறார், ஒருத்தர் நாறுகிறார், ஒருத்தர் எச்சில் ஒழுக்குகிறார். நான் ஆடுகிறேனா, அசைகிறேனா?" என்று தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டது.

ராஜாவுக்கு அது சரியென்று பட்டது. அன்றே சட்டம் பிறந்தது. காது ஆடக் கூடாது. சேறு கூடாது. நாக்கு வெளியே வரக் கூடாது. மீறினால் குடும்பத்தோடு காட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்.

செம்பன் தன் குகைப் பக்கம் திரும்பிப் பார்த்தது. குகையில் கண் திறக்காத குட்டிகள். காட்டுக்கு வெளியே சொட்டுத் தண்ணீர் கிடையாது.

மறுநாள் சபையில் வெயில் ஏறியது. யானை தள்ளாடியது. எருமையின் தோல் தோசைக்கல்லாய்க் கொதித்தது. செம்பன் வாயை இறுக மூடிக்கொண்டது. உள்ளே சூடு ஏறி ஏறிக் கண் இருட்டியது.

அப்போதுதான் செம்பன் கவனித்தது. காலையில் பாறையில் வெயில் காயும் ஓணான், உடம்பு சூடேறியதும், "கொஞ்சம் வேலை இருக்கிறது" என்று நைசாகப் புதர் நிழலுக்கு நழுவிவிடும். இன்றும் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டது.

"மகாராஜா, பேசுவதற்கு வாய் திறக்கலாமா?"

"பேசலாம். நாக்கு வெளியே வரக் கூடாது."

"சட்டம் போட்டவர்... எப்படி நிற்பதென்று... காட்டித்தந்தால்... நாங்களும் கற்றுக்கொள்வோம். அமைச்சர்... பாறையைவிட்டு இறங்காமல்... நிற்கட்டும்." நிறுத்திய இடத்திலெல்லாம் செம்பன் ஒரு மூச்சு இரைத்துக்கொண்டது.

"அதற்கென்ன, நிற்பாரே," என்றது ராஜா.

ஓணான் நின்றது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கியது. பின்னங்கால் ஒன்றைத் தூக்கியது. பிறகு வாயைப் பிளந்தது.

"அமைச்சரே, கால்," என்றது யானை.

"அமைச்சரே, வாய்," என்றது எருமை.

அவ்வளவுதான். ஓணான் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி, யானையின் காலடி நிழலில் போய் விழுந்தது. "யானையண்ணே, அந்தக் காதைக் கொஞ்சம் ஆட்டுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாய்ப் போகும்."

யானை ஆட்டவில்லை. "சட்டம் இருக்கிறதே, தம்பி," என்று ராஜாவைப் பார்த்தது.

ராஜாவின் வாயோ எப்போதோ திறந்துவிட்டிருந்தது. பெரிய சிவப்பு நாக்கு வெளியே தொங்கியது. "அப்பாடா," என்றது ராஜா. "சட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இனிமேல் சபை மரத்தடியில்."

யானை காதை விசிறியது. எருமை சேற்றுக்கு ஓடியது. செம்பன் ஆசை தீர இரைத்துவிட்டுக் குட்டிகளிடம் போனது. ஓணான் மட்டும் நிழலில் கிடந்தபடி, "சரி, சரி" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே கேளுங்கள்: உடம்புக்கு உடம்பு சூடு தணியும் வழி வேறு, தன் உடம்பை வைத்துப் பிறர் உடம்புக்குச் சட்டம் போடக் கூடாது.