வைரவன் கடித்த தழும்பு

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே இருந்த சாமிக்கு நாற்பது வயது. அவருடைய சீடர் மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு. குரு சீடரை அண்ணே என்பார், சீடர் குருவைச் சாமி என்பார். ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கென்ன!

மாசிலாமணி மின்வாரியத்தில் லைன்மேன். ஆடியில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போன பத்தாம் நாள் பேச்சு குழறியது, கால் இரண்டும் மரத்துப்போய் விழுந்துவிட்டார். மூளையிலும் தண்டுவடத்திலும் அழற்சி என்றார் டாக்டர். இருபது நாள் ஆஸ்பத்திரி வாசம். பேச்சு திரும்பிவிட்டது. முழங்காலுக்குக் கீழேதான் தொட்டால் தெரியவில்லை. தினமும் பயிற்சிக்கு வாங்க, மெல்ல மெல்லச் சரியாகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மனுஷர் நாலு நாளாகப் போகவில்லை. அன்று காலை அவர் மனைவி பூரணி தலையில் அடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். "சாமி சொன்னாலாவது கேக்கறீங்களா பாப்போம்" என்று மடத்துக்குக் கூட்டிவந்தாள். அவளும் ஆட்டோக்காரரும் கைத்தாங்கலாகப் பிடித்து, புங்கமரத்தடி நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள்.

"ஆட்டோவைப் போகச் சொல்லு, நான் பயிற்சிக்கு வரல" என்றார் மாசிலாமணி. பூரணி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சாமி எதிரே வந்து உட்கார்ந்தார். "ஏண்ணே பயிற்சிக்குப் போகல?"

"எதுக்கு சாமி? டாக்டர்தான் எல்லாத்தையும் புட்டுப்புட்டு வெச்சுட்டாரே. காய்ச்சல் கிருமியை அடிக்க உடம்பு ஒரு படையை அனுப்புச்சாம். அது அந்த வேகத்துல என் நரம்பையும் எதிரின்னு நெனச்சு அடிச்சிருக்கு. நரம்பு மேல இருக்கிற உறையெல்லாம் போச்சு. சர்வீஸ் வயர்ல தோல் உரிஞ்ச மாதிரி."

"உறை திரும்ப வளராதா?"

"வளருமாம். வளந்து என்ன? வெளியாள் அடிச்சா தாங்கிக்கலாம். சொந்த உடம்பே அடிச்சிருக்கு. இதை நம்பி எப்படி சாமி எழுந்து நிக்கறது?"

கம்பத்து உச்சியில் பயந்தறியாத மனுஷருக்குத் தன் உடம்பைக் கண்டே பயமாக இருந்தது.

சாமி வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். கெண்டைக்காலில் நாலு பல் பதிந்த பழைய தழும்பு.

"எந்த நாய் சாமி இது?"

"நம்ம வைரவன்தான்."

மாசிலாமணி நம்பவில்லை. மடத்து நாய் வைரவன், பூனைக்குட்டி மேலே ஏறி விளையாடினாலும் சும்மா கிடக்கும்.

"நீங்க இங்க வர்றதுக்கு முந்தின வருஷம். நல்ல மழை. கடலைக் கொல்லையில காட்டுப்பன்னி பூந்துடுச்சு. வைரவன் ஒத்தையா நின்னு விரட்டுச்சு. நான் கோணிச்சாக்கை மடிச்சுத் தலையில கவுத்துக்கிட்டு ஓடினேன். அது என் முகத்தைப் பாக்கல, சாக்கைத்தான் பாத்துச்சு. இன்னொரு பன்னின்னு பாஞ்சுடுச்சு."

"அடப்பாவி! அடிச்சே கொன்னிருக்கணும்."

"எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. கொன்னுட்டா அடுத்த பன்னியை யாரு விரட்டறது? நான் போய் ஊசி போட்டுக்கிட்டேன். ஆவேசம் அடங்கற வரைக்கும் அதைக் கட்டிப்போட்டேன். தினமும் பக்கத்துல உக்காந்து என் கையாலேயே கஞ்சி ஊத்தினேன்."

"பயமா இல்லையா?"

"இல்லாம? கை கிடுகிடுன்னு நடுங்கும். நடுங்கிக்கிட்டேதான் ஊத்தினேன்."

"எத்தனை நாளு?"

"எண்ணல."

மாசிலாமணிக்கு எரிச்சலாக வந்தது. "நாய்க்கு மூஞ்சி தெரியும், வாசனை தெரியும். என் காலுக்கு என்ன தெரியும் சாமி? மரக்கட்டை. இதைத் தூக்கித் தூக்கி வெச்சா உசுரு வந்துடுமா? கேக்கறதுக்குக் கதை நல்லாத்தான் இருக்கு..."

பாதியில் நிறுத்தி முகத்தைச் சுளித்தார். "ச்சீ! முதல்ல இந்த நாயை அந்தாண்ட கூப்பிடுங்க. மூக்கு ஜில்லுன்னு இருக்கு."

சாமி நாயைக் கூப்பிடவில்லை.

"எங்கண்ணே ஜில்லுன்னு இருக்கு?"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். வைரவன் எப்போது வந்ததோ, அவருடைய இடது பாதத்தின் மேல் முகத்தை வைத்துப் படுத்திருந்தது.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மாசிலாமணி பூரணியின் தோளைப் பிடிக்கக் கை நீட்டினார்.