மொட்டைமாடி எட்டு

சூசைக்கும் ரோஸ்லினுக்கும் ஞாயிறுதோறும் பெரம்பூரில் ஜோடி நடன வகுப்பு. அதைப் பழகிப் பார்க்கத்தான் இடமில்லை. வீட்டில் கட்டிலைத் தாண்டினால் அடுப்பு. பூங்காவில் விசில் அடித்தார்கள். கடைசியில், எந்த அடுக்ககத்தின் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருந்தார்களோ, அதன் மொட்டைமாடிக்கே ஏறினார்கள். அந்தி வெயிலில் மாடி மிதப்பது போலிருந்தது. அவர்களும் மிதந்தார்கள்.

அடுக்ககச் சங்கச் செயலாளர் பட்டாபிராமன் மனைவி கோமளாவோடு வந்து நின்றார்.

"போர்டைப் படிச்சியா? இங்கே எட்டு நடை மட்டும்தான். சர்க்கரை குறைய நான் போட்ட விதி. ஆட்டம் போட்டா நாளைக்கே வண்டியைத் தூக்கிடுவேன்!"

"நாங்களும் எட்டுதான் சார் நடக்குறோம்," என்றான் சூசை. இரண்டு தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி வரைந்திருந்த எட்டைக் காட்டினான். "நான் இந்தப் பக்கமிருந்து வர்றேன், இவ அந்தப் பக்கமிருந்து. தொட்டிகளுக்கு நடுவுல எதிரெதிரா வந்துடுறோம். ஒதுங்க இடமில்ல. அதான் கையைப் பிடிச்சுச் சுத்தித் தாண்டிக்குறோம்."

"கதை விடாதே! கையைப் பிடிக்காம நடக்க முடியாதா? நான் காட்டுறேன் பார். கோமளா, நீ அந்தப் பக்கம் போ."

எப்போதும் அவர் பின்னாலேயே நடக்கிற கோமளா, அன்றுதான் எதிரே நடந்து வந்தார். தொட்டிகளுக்கு நடுவே முகத்துக்கு முகம் நின்றார்கள். கோமளா பின்வாங்கவில்லை. மெல்லக் கையை நீட்டினார். செயலாளர் பிடித்தார், சுழன்றார். வேட்டி குடையாய் விரிந்து அடங்கியது.



செயலாளர் தொண்டையைச் செருமினார். கை இன்னும் கோமளாவின் கையில்தான் இருந்தது.

"எட்டு சரியா வரல," என்றார். "இன்னொரு தடவை நடந்து பார்க்கணும்."