சொத்து விவரம்

"ஐம்பது வயசில் ஒருத்தனுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கணும், சாமி?"

சாமி அண்டாவுக்குள் தலையை விட்டுச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்தே பதில் வந்தது.

"என்னது சேர்ந்திருக்கணும்? கொழுப்பா?"

"சொத்து, சாமி."

கேட்டவர் ஆவுடையப்பன். மலையடிவாரத்து மடத்தின் சீடர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து காய் நறுக்கிக் கொடுப்பார். குரு அவரைவிட எட்டு வயது இளையவர். ஊரில் சுள்ளிச் சாமி என்பார்கள். பேச்சு அப்படி ஒடியும். இன்று பௌர்ணமி இல்லை. ஆவுடையப்பன் புதுச் சட்டை போட்டு, மஞ்சள் பையோடு விடிந்ததும் வந்து நின்றார்.

"யாரு கேக்கச் சொன்னா?"

"கூடப் படிச்ச பயலுவ எல்லாம் கூடினோம், சாமி. ஒருத்தன் போனில் ஒரு அட்டவணை காட்டினான். முப்பதில் இவ்வளவு வருமானம், நாப்பதில் இவ்வளவு, அம்பதில் இவ்வளவு. கடன் போகக் கையில் இவ்வளவு நிக்கணும்னு. அவனவன் தன் இடத்தைப் பார்த்தான். நான் முப்பதுக்கும் கீழ நிக்கேன். 'ஏ, ஆவுடைக்கு இனிமேதான் பொண்ணு பாக்கணும்'னான் ஒரு பய."

சாமி சிரித்தார். அண்டாவும் சேர்ந்து சிரித்தது.

"சிரிக்காதிய, சாமி. சோறு இறங்க மாட்டேங்கு."

"என்ன செய்யப் போறீரு?"

"அப்பா வச்ச வீடு ஒண்ணு இருக்கு. எனக்கும் அக்காவுக்கும் சரிபாதி. அக்கா தன் பாதிக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தாரா. வீட்டை வித்து, கூட்டாளி ஒருத்தன் மனை போட்டு விக்கான், அதில் போடுதேன். அட்டவணையில் என் இடத்துக்கு வந்துருவேன். பத்து மணிக்குப் பத்திர ஆபீஸ். பத்திரத்தை நீங்க தொட்டுக் கொடுக்கணும்."

"வீடு இப்ப சும்மா கிடக்கா?"

"அக்கா இருக்கா. நான் டவுனில் வாடகைக்கு இருக்கேன்."

"வித்துட்டா அவங்க எங்க இருப்பாங்க?"

"ஒரு ரூம் பார்த்திருக்கேன். அத்தான் போனதிலிருந்து ஒத்தை ஆளு. அவளுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வீடு?"

சொல்லும்போதே ஆவுடையப்பனுக்கு வாய் கசந்தது. காப்பி குடிக்காததால் என்று நினைத்துக்கொண்டார்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"'எங்கடா கையெழுத்துப் போடணும்?'னா. அவ்வளவுதான்."

ஆவுடையப்பன் சட்டைப் பையில் போன் மாத்திரை நேரம் என்று கூவியது. அணைத்தார். மாத்திரை டப்பாவை எடுத்தார். "கொஞ்சம் தண்ணி, சாமி."

சாமி அண்டாவை விட்டு வெளியே வந்தார். செம்பை நீட்டினார். விழுங்கி முடிக்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தினமும் முழுங்குதீரே, இதை விட்டா என்ன ஆகும்?"

"கிட்னியை உடம்பு ஏத்துக்கிடாது, சாமி. வேத்தாள்னு நினைச்சு அடிச்சுத் தள்ளிரும்."

"யாரை வேத்தாள்னு?"

ஆவுடையப்பன் செம்பைக் கீழே வைத்தார். பதினோரு வருடத்துக்கு முன் அவருக்கு இரண்டு கிட்னியும் போயின. சேமிப்பெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அக்கா உலகம்மை ஒன்றைக் கொடுத்தாள். அன்றும் அவள் கேட்டது ஒரே கேள்வி. எங்கே கையெழுத்து?

"அவங்க கொடுத்த உசுருக்குப் பதினோரு வயசு. அந்த அட்டவணையில அதுக்கு என்ன போட்டிருக்கு?"

"முப்பதில்தான் ஆரம்பம், சாமி."

"அப்ப உமக்கு இன்னும் கணக்கே தொடங்கலை. ஏன் பறக்கீரு? பத்திரத்தை எடும். சொத்து விவரம்னு ஒண்ணு எழுதியிருப்பானே, வாசியும்."

எடுத்து வாசித்தார்.

"கிழக்கே தெரு. மேற்கே வாய்க்கால். வடக்கே சுடலைமுத்து வீடு. தெற்கே கோயில் மனை. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட வீட்டில் இனி எனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை…"

"ஒண்ணு விட்டுப் போச்சே."

"எழுத்தர் ரெண்டு தடவை சரி பார்த்தாரு, சாமி."

"விட்டுப் போச்சுங்கேன்."

சாமி எழுந்து வந்தார். சாம்பல் விரலால் ஆவுடையப்பன் வயிற்றின் வலப்பக்கம், புதுச் சட்டை மேலேயே, கோடு போட்டார்.

"எழுதிக்கிடும். கிழக்கே தொப்புள். மேற்கே இடுப்பெலும்பு. வடக்கே விலா. தெற்கே தொடை. இந்த நாலு எல்லைக்குள்ள அவங்க சொத்து ஒண்ணு கிடக்கு. இதையும் சேர்த்து எழுதி வாங்கிரும். இல்லேன்னா நாளைக்கு அவங்க பாத்தியம் கேட்டு வந்து நின்னா என்ன செய்வீரு?"

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். சட்டையில் கரியாக ஒரு கட்டம். அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். உள்ளே சத்தம் ஒன்றும் இல்லை. என்றைக்குத்தான் இருந்தது? அவர் தூங்கும்போதும், சண்டை போடும்போதும், அட்டவணையில் தன் இடத்தைத் தேடியபோதும் அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

"கடன் போகன்னீரே. கடன் எவ்வளவு போட்டீரு?"

"ஒண்ணும் இல்லைன்னு போட்டேன், சாமி."

சாமி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறவர்களைப் பார்க்க அவருக்குப் பொறுக்காது.

ஆவுடையப்பன் முகத்தைத் துடைத்தார்.

"இந்தப் பத்திரம் வேண்டாம், சாமி. வீடு அவ இருக்கிற வரைக்கும் அவளுக்கே இருக்கட்டும்."

"அதை என்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு?"

"அவகிட்ட எப்படிச் சொல்ல? பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் நான் நன்றின்னு சொன்னதில்லை. கூடப் பிறந்தவகிட்டப் போய் அதை எப்படிச் சொல்றது?"

"சொன்னா அடிப்பாங்க."

"முதல் பஸ்ஸுக்கே வந்து பத்திர ஆபீஸ் வாசலில் நிப்பா, சாமி. நான் போய் என்னதான் சொல்ல?"

சாமி சாம்பலை அள்ளினார்.

"நிப்பாங்கன்னு தெரியுதுல்ல? ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. ரெண்டு இட்லி வாங்கிக் கொடுத்து, அவங்க சாப்பிடுற வரைக்கும் பக்கத்தில் உக்காரும்."