ஹில்டே அம்மாவுக்கு ஒரு வரி

“டீச்சர், ஒரே ஒரு வாக்கியம் எழுதித் தாங்க. ‘என் மகனை அங்கேயே விட்டு வைங்க.’ ரெண்டு வருஷமா படிச்சும் எனக்கு எழுத வரல.”

கேட்டவர் கோதண்டபாணி. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு.

டீச்சர் ரெஹானாவுக்கு வயது இருபத்தேழு. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் நர்ஸுகளுக்குத் திருச்சியில் ஜெர்மன் மொழியைக் கற்றுக்கொடுப்பவள்.

அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் ஆண். “அங்கிள், அங்க பொண்ணு பாத்தாச்சா?” என்று நர்ஸுகள் கேலி செய்வார்கள்.

“பாத்தாச்சு. தேதிதான் குறிக்கல” என்பார்.

அன்று வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள்.

“மகன் அங்க எந்த ஊர்ல வேலை பாக்கறார் சார்?”

“அவன் இல்லம்மா. இருபது வருஷம் ஆச்சு. படிக்கப் போனான். ஏரியில குளிக்கப் போய்...”

அவர் நிறுத்தினார்.

“உடம்பைக் கொண்டுவர அப்ப எனக்கு வழி தெரியல. அவன் குடியிருந்த வீட்டம்மா, ஹில்டேன்னு பேரு, அவங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணாங்க. அவங்க எழுதறதை நானே படிக்கணும்னுதான் இங்க சேந்தேன்.”

சட்டைப் பையிலிருந்து ஹில்டே எழுதிய கடிதத்தை எடுத்தார்.

“அங்க கல்லறைக்கும் கெடு உண்டாம். வர்ற நவம்பரோட முடியுதாம். அப்புறம் கல்லை எடுத்துட்டு மண்ணைச் சமன் பண்ணிடுவாங்களாம். நான் சொன்னா நீட்டிக்கலாமாம்.”

குரல் இறங்கியது.

“அவன் பேரு எழுதின இடம் இந்த உலகத்துல அது ஒண்ணுதான் டீச்சர்.”

ரெஹானா கடிதத்தை வாங்கவில்லை.

“வகுப்புல ஒரு பாடத்தை எத்தனை தடவை வாசிப்போம்?”

“மூணு தடவை.”

“வாசிங்க.”

அவர் தடுக்கித் தடுக்கி வாசித்தார்.

“என்ன கேக்கறாங்க?”

“நீட்டிக்கவா, விட்டுடவான்னு.”

“மறுபடி.”

மறுபடி வாசித்தார்.

“இதுல யார் யார் வர்றாங்க?”

“என் மகன். நான்.”

“அப்புறம்?”

“அவங்க.”

“அவங்க என்ன செய்யறாங்க?”

அவர் வரியின் மேல் விரலை வைத்தார்.

“சனிக்கிழமை தவறாம போறாங்க. செடி மாத்தறாங்க. குழாயிலேர்ந்து தண்ணி சுமந்து வந்து ஊத்தறாங்க. அங்க கல்லறையை யாராவது பாத்துக்கிட்டே இருக்கணுமாம். அந்தச் சின்ன ஊர்ல வேற ஆள் இல்லையாம்.”

“மறுபடி.”

“போதும் டீச்சர். மனப்பாடமே ஆயிடுச்சு.”

“மறுபடி, சார்.”

மூன்றாவது முறை மெதுவாக வாசித்தார். பாதியில் ஒரு வரியில் நின்றுவிட்டார்.

வெளியே ஒரு பேருந்து வந்து நின்று, கிளம்பிப் போனது.

“அவங்களுக்கு எண்பத்தாறு வயசு” என்றார்.

விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

“ரெண்டு முட்டியும் போச்சாம். போன பனிக்காலத்துல தண்ணிக் குடத்தோட அங்கேயே விழுந்துட்டாங்களாம். ஆனாலும் நான் நீட்டிக்கச் சொன்னா, இன்னும் போவாங்களாம்.”

கடிதத்தைக் கீழே வைத்தார்.

“எல்லா வார்த்தையும் தெரிஞ்ச வார்த்தைதான் டீச்சர். ரெண்டு தடவையும் கண்ணுல படல.”

ரெஹானா மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள். அதன் மேல் ஒரு பேனாவை வைத்தாள். பிறகு போய்க் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினாள்.

பலகை முழுவதையும் அழித்து முடித்தாள். அதற்குப் பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இங்க போயிருந்தான்னா மூணாம் நாளே அஸ்தியைக் காவேரியில கரைச்சிருப்பேன்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “அந்தம்மா இருபது வருஷம் வச்சிருந்தாங்க.”

அவள் திரும்பவில்லை.

பேனா தாளில் கீறும் ஓசை கேட்டது. நின்றது. மீண்டும் கேட்டது.

“பாத்துச் சொல்லுங்க டீச்சர்.”

அவள் வந்து, வழக்கம்போலச் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தாள். படித்தாள். பேனாவை மூடினாள்.

தாளில் ஜெர்மனில் ஒரே ஒரு வரி இருந்தது.

‘அம்மா, இனிமேல் நீங்கள் வீட்டிலேயே இருங்கள்.’