காக்காப்பொன் ஏடு ஏடாக உரிந்த கதை

அந்தக் காலத்தில் கல்லுக்கும் உலோகத்துக்கும் வாய் இருந்தது. வாய் இருந்ததால் வம்பும் இருந்தது. ஒரு கரட்டு மலையில் செம்பன், செம்பாயி என்று இரண்டு செப்புத் தகடுகள் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தன. ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, இரண்டும் எதிரெதிரே நிற்கும்.

மழைக்காலம் முடிந்து புறப்படும்போது மேகம் தன் பிள்ளைகளான மின்பொறிகளை இவர்களிடம்தான் விட்டுப் போவாள். ஆண்பிள்ளைகள் செம்பனிடம், பெண்பிள்ளைகள் செம்பாயியிடம்.

"இதுங்க ஒண்ண ஒண்ணு தொட்டா ரெண்டும் அவிஞ்சு போயிரும். நான் திரும்பி வர்ற வரைக்கும் பிரிச்சே வெச்சிருங்க" என்பாள்.

கூடப் பிறந்த பாசம் சும்மா விடுமா? பிள்ளைகள் எதிர்ப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து ஏங்கி அழுதன. பக்கத்துக்குப் பத்துப் பிள்ளை என்றால் சமாளிக்கலாம். அதற்கு மேல் ஒன்று வந்தாலும் இழுப்பு தாங்காமல் எல்லாம் சேர்ந்து தாவிவிடும். அதனால் மிச்சப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை. அவை பாறையில் விழுந்து செத்தன.

அந்த அழுகை பொறுக்காமல்தான் பக்கத்து மலையிலிருந்து, அபிரகம் என்றும் சொல்கிற காக்காப்பொன் வந்தாள். அப்போது அவள் ஒரே கட்டியாக இருந்தாள். இரண்டு தகடுகளுக்கும் நடுவே, இடைவெளி தெரியாமல் நின்றுகொண்டாள். அவள் உடம்பின் ஒவ்வொரு துகளும் இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையும் நீட்டியது. பிடித்துக்கொள்ள ஒரு கை கிடைத்ததும் பிள்ளைகளின் ஏக்கம் தணிந்தது. பத்து இருந்த இடத்தில் அறுபது தங்கின. ஒன்றைக்கூட அவள் தன் வழியாகக் கடக்க விடவில்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இவளுக்கு இரண்டு பக்கமும் இழுப்பு. வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

வருஷங்கள் போயின. பிள்ளைகள் அமைதியாக இருப்பது எல்லாருக்கும் பழகிவிட்டது. செம்பாயி ஒருநாள் காக்காப்பொன்னின் காதுபடவே புருஷனிடம் சொன்னாள்: "புள்ளைங்க பூரா நம்மகிட்ட இருக்கு. அக்காகிட்ட ஒண்ணாவது உண்டா? நடுவுல சும்மா நிக்கிறதுக்கு ஒரு ஆளு."

அந்தக் கோடையில் ஓர் ஓணான் சேதி கொண்டுவந்தது. காக்காப்பொன்னின் தாய், வெள்ளைக்கல், வெயிலில் வெடித்துச் சாகக் கிடக்கிறாளாம்.

"மூணு நாள் போயிட்டு வந்துரட்டுமா?" என்று காக்காப்பொன் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஆனா புள்ளைங்க என்ன பண்ணும்?"

செம்பன் சிரித்தான். "முன்ன மாதிரி இல்லக்கா. இப்பல்லாம் அந்தப் பக்கம் பார்த்து அழறதே இல்ல. நாங்க அப்படிப் பழக்கி வெச்சிருக்கோம். நீ கவலப்படாம போயிட்டு வா."

அவன் பொய் சொல்லவில்லை. தன் வளர்ப்பு என்று உண்மையாகவே நம்பினான். அதுதான் கொடுமை. தாய் முகத்தைப் பார்த்துவிடும் தவிப்பில் அவளும் நம்பினாள்.

வெளியே வருவது லேசாக இல்லை. பிள்ளைகள் விடாமல் பிடித்து உள்ளே இழுத்தன. ஒவ்வொரு பிடியாக விடுவித்துக்கொண்டு, "வந்துருவேன், வந்துருவேன்" என்று சொல்லியபடியே அவள் நகர்ந்தாள். கடைசி நுனி வெளியே வந்ததும் இத்தனை காலம் அவள் தாங்கிய ஏக்கம் முழுவதும் பிள்ளைகள் மேல் திரும்ப விழுந்தது.

அவள் நாலு அடிகூட வைத்திருக்க மாட்டாள். முதுகுப் பக்கம் ஒரு வெளிச்சம், ஒரு வெடி. திரும்பிப் பார்த்தாள். அறுபதும் அறுபதும் ஒன்றாகி அவிந்துவிட்டன. தகடுகள் நடுவில் கரியோடு குளிர்ந்து நின்றன.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் தாயும் இவள் முகம் பார்க்காமலே செத்துப்போனாள்.

ஐப்பசியில் மேகம் வந்து, "எங்க என் புள்ளைங்க?" என்று கேட்டாள். செம்பனும் செம்பாயியும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் பேசவே இல்லை.

"என்னப் பெத்தவ சாகக் கிடக்கான்னு கெளம்பினேன். நான் போயிருக்கக் கூடாதும்மா" என்றாள் காக்காப்பொன்.

"பெத்தவ சாகக் கிடக்கறப்ப போகாம வேற எப்பப் போவ?" என்று சொல்லிவிட்டு, மேகம் மலை மேலேயே கிடந்து ஏழு நாள் அழுதாள்.

அழுகை ஓய்ந்ததும் காக்காப்பொன் நகத்தைக் கொடுத்துத் தன் உடம்பிலிருந்து மெல்லிய ஏடு ஒன்றை உரித்தாள். அதை வெறும் தகடுகளுக்கு நடுவே செருகினாள். "இனிமே நான் எங்க போனாலும் ஒரு ஏட்ட இங்க விட்டுட்டுத்தான் போவேன்" என்றாள். பிடித்துக்கொள்ளத்தான் அங்கே ஒரு பிள்ளையும் இல்லை.

அன்று முதல்தான் காக்காப்பொன் நகம் பட்டாலே ஏடு ஏடாக உரிகிறது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்க எதிரெதிரே தகடு வைக்கிறவர்களும் நடுவில் அவளுடைய ஏட்டைச் செருகுகிறார்கள். ஆனாலும் சேர்த்து வைத்த பெயர் இன்றுவரை தகடுகளுக்குத்தான்.